வீல் அலைன்மென்ட், பேலன்சிங்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

ஜூன் 3

ஒரு வாசகரின் கேள்வி: "சர்வீஸுக்குக் காரை விடும்போதெல்லாம் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்கிறார்கள். ஒருவர் 5,000 கி.மீ. என்கிறார், இன்னொருவர் 10,000 என்கிறார். காரோடு வந்த கையேட்டில் தேவைப்பட்டால் செய்யவும் என்று மட்டும் இருக்கிறது. வண்டியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. யார் பேச்சைக் கேட்பது?"

ஜூன் 3, மாலை

கையேட்டின் பேச்சைக் கேளுங்கள். "தேவைப்பட்டால்" என்பது நழுவலான பதில் போலத் தோன்றும். ஆனால் விஷயமே அப்படித்தான் இருக்கிறது. எஞ்சின் ஆயில் ஓட ஓடக் கெடும், அதனால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். சக்கரத்தின் கோணம் ஓடுவதால் மட்டும் மாறிவிடாது. போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கிய ஒன்று அது. இடி வாங்கினால் மாறும், மூட்டுகளில் உள்ள ரப்பர் உறையான புஷ் தேய்ந்தால் மாறும், பாகத்தைக் கழற்றி மாட்டினால் மாறும்.

நான் கடைப்பிடிப்பது இது: ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது கோணங்களை அளக்கச் சொல்வேன். அளவு வரம்புக்குள் இருந்தால் எதையும் தொடவிடமாட்டேன். அளப்பது வேறு, திருப்புவது வேறு. பட்டறைகளில் இந்த இரண்டையும் ஒரே வேலையாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்தக் குழப்பம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஜூன் 3, இரவு

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே பிரித்துவிடுகிறேன். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை பற்றியது: ரிம்மும் டயரும் சேர்ந்து சுழலும்போது ஒரு பக்கம் கனமாக இருக்கிறதா என்று பார்த்து, எதிர்ப்பக்கம் சிறு எடை ஒட்டுவது. அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது. பேலன்சிங் குறைந்தால் வண்டி அதிரும். அலைன்மென்ட் தவறினால் டயர் தேயும் அல்லது வண்டி ஒரு பக்கம் போகும். ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று சொல்லிப் போனவருக்கு அலைன்மென்ட் செய்து அனுப்பினால் நடுக்கம் அப்படியேதான் இருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு இயந்திரமும் இருப்பதைத் தவிர இவற்றைச் சேர்த்தே செய்ய வேறு காரணம் இல்லை.

ஜூன் 4

"அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் விலகலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பதை டோ என்கிறோம். சரியான நிலையிலிருந்து ஒரு சக்கரம் 0.1 டிகிரி விலகியிருக்கிறது என்று வையுங்கள். 15 அங்குல ரிம்மில் அது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 17 கி.மீ.க்கு மேல். ரப்பரை அத்தனை தூரம் தார்ச்சாலையில் குறுக்காகத் தேய்ப்பது போன்றது அது.

மூன்று கோணங்களில் டயரை அதிகம் தின்பது டோதான். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு. அது தவறினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். காஸ்டர் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் சாய்வு. அது டயரை அவ்வளவாகத் தொடாது. வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாக நேராவது, நேர்ச்சாலையில் வண்டி அலையாமல் போவது எல்லாம் அதன் பொறுப்பு.

ஜூன் 4, பிற்பகல்

17 கி.மீ. கணக்குக்கு ஒரு ஆட்சேபம் வந்திருக்கிறது, நியாயமான ஆட்சேபம். தரையில் படும் ரப்பர் முதலில் வளைந்துகொடுக்கும். தரையை விட்டு எழும் பின்முனையில்தான் உண்மையில் வழுக்கும். ஆகவே அந்தத் தூரம் முழுவதும் உராய்ந்து தீர்வதாகக் கொள்ளக் கூடாது. எவ்வளவு குறுக்கே தள்ளப்படுகிறது என்பதற்கான அளவு அது. தேய்மானம் அதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது, நிறுத்தமில்லாமல்.

ஜூன் 5

"40,000 கி.மீ. ஓடியும் அலைன்மென்ட் பக்கமே போகவில்லை, டயர் புதிதுபோல் இருக்கிறது." நம்புகிறேன். நல்ல சாலையில் நிதானமாக ஓடும் வண்டிக்கு இது நடக்கும். ஆனால் டயரை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நின்றபடி குனிந்து பார்த்தால் தெரிவது வெளி ஓரம் மட்டும். பல கார்களில் உள் ஓரம்தான் முதலில் போகிறது. வெளியே கோடுகள் ஆழமாக இருக்கும், உள்ளே கம்பி தெரியும் நிலையில் இருக்கும்.

முன்சக்கரத்துக்கு வழி எளிது: ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்தி, இறங்கிப் போய்ப் பாருங்கள். பின்சக்கரத்துக்குத் தரையோடு படுத்துக் கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும், அல்லது வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது கூடவே நிற்க வேண்டும்.

பார்ப்பதைவிடத் தடவுவது மேல். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெதுவாக இழுங்கள். பிறகு அதே இடத்தில் எதிர்த்திசையில் இழுங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் டயர் கோடுகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் ரம்பப் பல்போலக் கையில் தட்டுவதாகவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. கம்பி எட்டிப்பார்த்திருக்கக்கூடும், அதனால் அழுத்தித் தடவாதீர்கள். கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாத டயரில் கூட இந்த ரம்பப் பல் கைக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை காற்று பார்க்கும்போதே இதையும் செய்துவிடுகிறேன், நான்கு டயருக்கும் சேர்த்து அதிக நேரம் ஆகாது.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. இவற்றுக்கு அலைன்மென்ட் கேட்டு வரிசையில் நிற்க வேண்டாம். விட்டுவிட்டு மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

ஜூன் 5, இரவு

பேலன்சிங் பற்றிக் கேட்டவருக்கு: அதற்கும் கிலோமீட்டர் கணக்கு தேவையில்லை என்பதே என் கருத்து. டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டினால் கட்டாயம் செய்யுங்கள். பஞ்சருக்காகக் கழற்றியிருந்தாலும் சரி. அதிர்வு தெரிந்தால் செய்யுங்கள். டயர்களை முன்பின் இடம்மாற்றும்போது எப்படியும் சக்கரம் கழற்றப்படுகிறது. அப்போது இயந்திரத்தில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

20 கிராம் எடை வேறுபாடு என்ன செய்துவிடும் என்பதற்கும் கணக்கு உண்டு. சாதாரண அளவுள்ள சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 15 முறை சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் உள்ள அந்த 20 கிராம், அப்போது மூன்று கிலோவுக்கும் மேலான விசையோடு சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கிறது, நொடிக்கு 15 முறை மேலும் கீழுமாக. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல், நெடுஞ்சாலை ஏறியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்குவது இதனால்தான்.

சில வண்டிகளில் 90 இல் நடுங்கி 110 இல் அடங்கிவிடும். அடங்கியதால் கோளாறு போய்விட்டது என்று பொருளில்லை. குறிப்பிட்ட வேகத்தில் சுழற்சியின் அதிர்வெண்ணும் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வெண்ணும் ஒத்துப்போகின்றன, அப்போதுதான் அது கைக்கு எட்டுகிறது. விசை 110 இல் இன்னும் அதிகம். கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரம்.

ஜூன் 7

அதிர்வு எல்லாம் பேலன்சிங் அல்ல என்பதற்கு என் வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்த சமயம். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. ஓரிடத்தில் பேலன்சிங் செய்தார்கள், நடுக்கம் குறைந்தது, போகவில்லை. மறுபடி போனபோது பழைய எடைகளைப் பிய்க்காமல் அவற்றின் பக்கத்திலேயே புதிய எடைகளை ஒட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பழையதை முழுதாக எடுத்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றவே இல்லை. கழற்றிக் கவிழ்த்து வைத்தார். ரிம்மின் உட்புறக் குழிவில் களிமண் காய்ந்து ஓடுபோல் ஒட்டியிருந்தது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது.

அதோடு அவர் விடவில்லை. சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. "இந்தத் துருமேல உட்கார்ந்தா சக்கரம் நேராவா நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை வரிசையாக இறுக்காமல் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கினார். நடுக்கம் அன்றோடு போயிற்று. பேலன்சிங் இயந்திரம் அச்சில் சரியாகப் பொருத்திய சக்கரத்தை அளக்கிறது. வண்டியில் அது கோணலாக உட்கார்ந்தால் இயந்திரத்தின் பூஜ்யத்துக்குப் பயன் ஏது?

ஜூன் 7, இரவு

மேலே உள்ளதோடு சேர்க்க வேண்டியவை. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டைச் சந்தேகியுங்கள். பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில் முதல் சில கிலோமீட்டர் தடதடத்துப் பிறகு சரியானால், டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகியிருக்கிறது, சூடேறியதும் தானே சரியாகும். ரிம் வளைந்திருந்தாலும் எடை ஒட்டிச் சமன்செய்துவிட முடியும், ஆனால் அது வட்டமாகச் சுழலாது. இயந்திரத்தில் சுழலும்போது ரிம்மின் விளிம்புக்கு நேராக விரலை நீட்டி வைத்து மெக்கானிக் பார்ப்பது இதற்குத்தான்.

ஜூன் 9

"வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் செய்தும் போகவில்லை."

முதலில் காற்று. இடது வலது டயர்களில் காற்று வேறுபட்டாலே வண்டி இழுக்கும். அடுத்து சாலை. மழைநீர் வடிவதற்காகப் பெரும்பாலான சாலைகளின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வண்டி இடப்பக்கம் மெல்லச் சரிவது இயல்பு, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலப்பக்கம். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான பரந்த இடத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதற்கும் மிஞ்சினால் முன்சக்கரங்கள் இரண்டையும் இடம்மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் குற்றம் டயருடையது. டயரின் உள்கட்டுமானம் ஒரு பக்கம் சற்றே கூம்பியிருந்தால் இப்படி நடக்கும், எந்த அலைன்மென்ட் இயந்திரத்தாலும் அதைத் திருத்த முடியாது. இழுப்பு மாறாமல் இருந்தால் கேம்பர், காஸ்டர் பக்கம் போகலாம். ஒரு பயணம் முடிந்ததும் சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொடாமல். ஒன்றில் மட்டும் வெப்பம் அடித்தால் அங்கே பிரேக் விடுபடாமல் பிடித்திருக்கிறது. சுழலும் திசை குறிக்கப்பட்ட டயர்களை மட்டும் இந்தச் சோதனைக்குப் பின் பழைய இடத்திலேயே மாட்டிவிடுங்கள்.

ஜூன் 10

அலைன்மென்ட் இயந்திரம் அளவுகளை அச்சிட்டுத் தரும் தாளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முன்னும் பின்னும் அளந்த தாளைக் கொடுக்காத இடத்தில் அலைன்மென்ட் செய்யாதீர்கள். வேலைக்கு முந்தைய அளவுதான் மதிப்புள்ளது. பிந்தையது எப்படியும் பச்சையில்தான், அதாவது வரம்புக்குள்தான் இருக்கும். முந்தைய அளவே பச்சையில் இருந்தால் உங்களுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டுத் தாளோடு ஒப்பிட்டால் எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். ஒரே சக்கரத்தின் கேம்பர் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தால் அந்தப் பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ்ஷை ஆராய வேண்டும், டோவைத் திருப்பிப் பச்சை ஆக்குவது போதாது.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் கூடவே நின்று பாருங்கள். நான்கு டயரிலும் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். டிக்கியில் மூட்டை முடிச்சு இருக்கக் கூடாது, ஏனென்றால் வண்டியின் உயரம் மாறினால் கோணமும் மாறும். சக்கரத்தை மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பால் ஜாயின்ட்டிலோ (உருண்டை மூட்டு), ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனையிலோ ஆட்டம் இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஆடும் பாகத்தை வைத்துக்கொண்டு அளந்த அளவு வண்டி வாசலைத் தாண்டும்முன் மாறிவிடும். சென்சார்களை மாட்டியபின் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுவார்கள், அல்லது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுவார்கள். ரிம்மின் சிறு கோணலைக் கணக்கிலிருந்து கழிப்பதற்கான வேலை அது. அதைத் தாண்டிப் போகிறவரிடம் நிறுத்திக் கேட்பதில் தவறே இல்லை.

ஜூன் 10, மாலை

"மூன்று கோணமும் சரிசெய்து தருகிறோம்" என்ற வாக்குறுதி பற்றி. முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட்டும் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்) பின்பக்கம் ஒரே தண்டுபோன்ற டோர்ஷன் பீமும் உள்ள சிறிய கார்கள் மிக அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றில் திருப்பிச் சரிசெய்யக்கூடியது முன்சக்கர டோ மட்டும். கேம்பரும் காஸ்டரும் அளக்கத்தான் முடியும். அவை வரம்பை மீறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது அல்லது இடம்பெயர்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். இரும்புக் கருவியால் நெம்பி வளைத்துக் கேம்பரைச் "சரிசெய்வதை" நான் பார்த்திருக்கிறேன். என் வண்டிக்கு அதை அனுமதிக்க மாட்டேன்.

நான்கு சக்கரத்தையும் அளப்பது வீணா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பின்பக்கம் சரிசெய்ய முடியாவிட்டாலும் அளக்க வேண்டும். வண்டி போகும் திசையைத் தீர்மானிப்பது பின்சக்கரங்கள்தான். பின் அச்சு ஒரு பக்கம் திரும்பியிருந்தால் வண்டி நண்டுபோல் சற்றுக் கோணலாகவே ஓடும், ஸ்டீயரிங்கையும் கோணலாகப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும். முன்சக்கரத்தை மட்டும் எவ்வளவு திருத்தினாலும் இது தெரியவராது.

ஜூன் 12

முதல் நாள் எழுதிய "ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 கி.மீ." என்பதை இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அது ஒன்றும் நடக்காத வண்டிக்கு. சக்கரம் பெரிய குழியில் இறங்கி அடி வாங்கினால், நடைபாதை விளிம்பில் இடித்தால், கிலோமீட்டர் பார்க்காமல் அளக்க வேண்டும். டை ராட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், ஸ்டீயரிங் ரேக் ஆகியவற்றில் எதைக் கழற்றியிருந்தாலும் அளக்க வேண்டும். சுருள்வில்லை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அப்படியே. மோசமான சாலையில் அன்றாடம் ஓடும் வண்டிக்கு 5,000 என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், அளப்பது மட்டும் என்றால்.

புதிய டயர் மாட்டுவதால் கோணம் மாறாது. ஆனாலும் அன்று அளந்துவிடுவது நல்லது. பழைய டயரின் தேய்மானம்தான் கோணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த சாட்சி, அதைக் கழற்றி எறிவதற்கு முன் நான்கையும் தரையில் கிடத்தி உள் ஓரம், வெளி ஓரம் பாருங்கள். எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்கட்டியால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கோணத்தைத் திருத்தாமல் புது டயரை மாட்டினால் அதே ஓரம் அதே வேகத்தில் போகும்.

ஜூன் 12, இரவு

ஒட்டும் எடையா, விளிம்பில் கவ்வும் எடையா என்றொருவர் கேட்டார். அலாய் ரிம்மில் உட்புறம் ஒட்டுவது வழக்கம், இரும்பு ரிம்மில் கவ்வுவது. ஒட்டும் இடத்தை நன்றாகத் துடைக்காவிட்டால் கழுவும்போதே உதிர்ந்துவிடும். வண்டி கழுவியபின் திடீரென்று நடுக்கம் வந்தால் ரிம்மின் உள்ளே சுத்தமான செவ்வகத் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள், எடை இருந்த இடம் அது. முன்பு எல்லாம் ஈயம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்களுக்கு ஈய எடைகள் 2005 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டன, இப்போது துத்தநாகமும் இரும்பும் வருகின்றன. சாலையோரம் உதிர்ந்து பொடியாகும் ஈயம் மண்ணுக்கும் நீருக்கும் போகிறது என்பதால் இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். சமன்செய்யும் வேலையை எந்த உலோகமும் செய்யும்.

ஜூன் 15

முதல் கேள்வி கேட்டவர் அளந்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: பின்சக்கரங்கள் வரம்புக்குள், முன்பக்க டோ ஒரு பக்கம் வெளியே, அதை மட்டும் திருத்தினார்களாம். பேலன்சிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரியான முடிவு. "ஆனால் இப்போது நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சற்று வலப்பக்கம் திரும்பி நிற்கிறது, பழகிவிடும் என்கிறார்கள்."

பழக விடாதீர்கள். நாளைக்கே திரும்பக் கொண்டுபோங்கள். மொத்த டோ சரியாக இருந்தாலும், ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டாமல் ஒரு பக்க டை ராடை மட்டும் திருப்பியிருந்தால் இப்படித்தான் நிற்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு இரண்டு பக்கமும் பகிர்ந்து திருப்ப வேண்டும். வண்டியில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இருந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்ய நிலையையும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் எந்தத் திசையில் போக விரும்புகிறார் என்பதை அந்தக் கணினி இந்த சென்சாரை வைத்துத்தான் அறிகிறது. தாளின் மூன்றாவது பிரதியையும் கேட்டு வாங்குங்கள்: திருத்துவதற்கு முன், முதல் திருத்தத்துக்குப் பின், இரண்டாம் திருத்தத்துக்குப் பின்.